ராமநாதபுரம் கடலோரத்துக்கு வேகக் கார்: நாலு வழி, எது நம் ஊருக்கு ஒத்துவரும்?

போன மாதம் கீழக்கரையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து தன் வெளிநாட்டு ஹாட்ச்பேக்கில் வந்திருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். சிவப்பு நிறம், தரையோடு தரையாகக் கிடக்கும் உடம்பு, ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். மறுநாள் விடியற்காலை தனுஷ்கோடி பார்த்து வரலாம் என்று நாலு பேர் ஏறினோம். திருப்புல்லாணி தாண்டுவதற்குள் ஒரு வேகத்தடை. குட்டையாக, செங்குத்தாக, நெடுஞ்சாலைத் துறைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல நின்றது.

வண்டியை ஓட்டியவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "காக்கா, பின்னாடி ரெண்டு பேரும் கொஞ்சம் இறங்குறீங்களா?" (காக்கா என்றால் கீழக்கரைப் பக்கத்தில் அண்ணன்.)

இறங்கினோம். வண்டி குறுக்காக ஏறி, ஒவ்வொரு சக்கரமாகத் தடவித் தடவி மறுபக்கம் போனது. ஏறிக்கொண்டோம். மண்டபம் போய்ச் சேர்வதற்குள் இப்படி நாலு தடவை. ஓரிடத்தில் டீக்கடையில் நின்ற பெரியவர் அக்கறையாகக் கேட்டார்: "வண்டி ரிப்பேராப்பா?"

என்னோடு இறங்கி நடந்த இன்னொருவர் கீழக்கரை நண்பர். பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அங்கே நல்ல கார்களில் ஓடிப் பழகிய கை. இங்கேயும் ஒரு வேகமான கார் வேண்டும், ஆனால் அதிலேயே தினமும் ராமநாதபுரம் கடைக்குப் போகவேண்டும், உம்மாவை (அம்மாவை) ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், மாதம் ஒருமுறை மதுரை ஏர்போர்ட் போய்வர வேண்டும். இரண்டு மாதமாக நாலு கார்களின் பெயரைச் சொல்லி என்னைக் குடைந்துகொண்டிருந்தார். தொண்டி, பரமக்குடிப் பக்கமிருந்தும் இதே கேள்வி வருகிறது. அவர் கேட்ட நாலையும் வைத்தே எழுதுகிறேன்: 1.5 லிட்டர் டர்போ செடான், கோல்ஃப் ஜிடிஐ, பழைய பிஎம்டபிள்யூ எம்340ஐ, மின்சாரத்தில் ஓடும் மஹிந்திரா பிஇ 6.

## முதலில், எதை வைத்து அளப்பது

முதல் ஒரு வினாடி. விளம்பரத்தில் வருவது பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை வினாடி என்பது. நம் ஊரில் பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போகும் வேலையே கிடையாது. மதுரையிலிருந்து பரமக்குடி வரைதான் நாலுவழி. பரமக்குடி–ராமநாதபுரம் பகுதியை நாலுவழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று நம் மாவட்டம் முழுக்க இருவழிதான். இருவழிச் சாலையில் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 70. இங்கே சக்தி தேவைப்படும் ஒரே இடம் முந்துவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் மீன் லாரி 40-ல் போகிறது. நாம் 15 மீட்டர் பின்னால். லாரியின் நீளம், நம் காரின் நீளம், முந்தியபின் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து, லாரியைவிடச் சுமார் 45 மீட்டர் கூடுதலாக ஓடவேண்டும். 70-ஐத் தாண்டக்கூடாது. சாதாரண 1.2 லிட்டர் குடும்பக் கார் இதற்கு ஏறத்தாழ ஏழரை வினாடி எடுக்கும். 150 பிஎஸ் (குதிரைசக்தி) டர்போ செடான் 6.8 வினாடி. 265 பிஎஸ் ஹாட்ச்பேக் 6.2 வினாடி. அதாவது முப்பது லட்சம் கூடக் கொடுத்து வாங்கும் அந்த 115 குதிரைக்கும் சேர்த்து மிச்சமாவது அரை வினாடிக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது வேறொன்றைப் பாருங்கள். மிதித்தவுடன் கியர்பெட்டி "எந்த கியர் போடலாம்" என்று ஒரு வினாடி யோசித்தால்? இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ மூச்சுப்பிடிக்க அரை வினாடி எடுத்தால்? நீங்கள் 70-லும் எதிரே வருபவர் 70-லும் வந்தால் ஒரு வினாடியில் 39 மீட்டர் நெருங்குகிறீர்கள். அந்த ஒரு வினாடித் தயக்கம் 265 குதிரையையும் விழுங்கிவிடும். ஆகவே நான் முதலில் பார்ப்பது, இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே முழு இழுவை வருகிறதா, மிதித்ததும் காலுக்குக் கீழே பதில் இருக்கிறதா என்பதைத்தான். உச்ச சக்தி எனக்குக் கடைசியில்.

டயரின் சுவரும் காரின் வயிறும். டயரில் 225/40 ஆர்18 என்று எழுதியிருந்தால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் 90 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 என்றால் 113. இந்த 23 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் ரிம் வளையுமா வளையாதா என்பதைத் தீர்மானிக்கிறது. என் பழைய காருக்கு அழகுக்காக 18 அங்குல ரிம் மாட்டினேன். ஏழாவது வாரம், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் மழையில் நிரம்பியிருந்த ஒரு குழி. டப்பென்று ஒரு சத்தம். முன்டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம், ரிம்மில் பிறை மாதிரி ஒரு வளைவு. பழைய 16 அங்குலத்தை விற்றுவிட்டிருந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

வேகத்தடைக்கென்று ஒரு தரம் உண்டு: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டியிருந்தால் எந்த காரும் ஏறி இறங்கிவிடும். ஊரார் தாங்களாகவே போடும் தடை அகலத்தில் கஞ்சத்தனம் காட்டும், உயரத்தில் காட்டாது. அப்புறம் சீமைக்கருவேல முள். ஒதுங்கி நிறுத்தினால் ஒரு பஞ்சர் நிச்சயம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை பசை டப்பாவும் பம்ப்பும் மட்டும்தானா என்று பாருங்கள். முள் குத்தினால் பசை போதும். சுவர் கிழிந்தால் பசை வேடிக்கை பார்க்கும்.

உப்பு. பாம்பன் பாலம் மாதிரியான இடத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்பதற்கு ரயில்வேயைக் கேட்கலாம். 1914-ல் கட்டிய பழைய பாலத்தை அரிப்பிலிருந்து காப்பாற்றுவதே ஓயாத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உங்கள் காருக்கு அதெல்லாம் கிடையாது. ராத்திரி மண்டபத்தில் நிறுத்திவிட்டுக் காலையில் கண்ணாடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும். பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாக ஒரு படலம் வந்திருக்கும். முதல் பிரேக்கில் கர்ரென்று சத்தம் போட்டு அது போய்விடும், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடங்களில்: பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி இறுகுவது, ஏசி கண்டென்சரின் அலுமினியத் தகடு உதிர்ந்து கேஸ் கசிவது, அலாய் வீல் வார்னிஷுக்கு அடியில் வெள்ளைப் புழு மாதிரி அரிப்பு ஓடுவது. வேகக் காரில் இந்த உறுப்புகள் எல்லாமே பெரிசு, விலையும் பெரிசு.

இதில் நம் ஊருக்கே உரிய வேடிக்கை ஒன்று உண்டு. உப்பு போகட்டும் என்று வாரம் தவறாமல் காரைக் கழுவுகிறோம், போர் தண்ணீரில். அந்தப் போர் தண்ணீரே உப்பு. காவிரிக் குழாய் தண்ணீரோ விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரோ இல்லாமல் அடிப்பாகத்தைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதும் வேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், காற்றடித்தால் மணலோடு சேர்ந்து பெயின்ட்டைத் தேய்க்கும். கூரை போட்ட கொட்டகை போதும்.

பணிமனை எவ்வளவு தூரம், பாகம் எங்கிருந்து வரும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். கீழக்கரையிலிருந்து என்றால் இன்னும் கொஞ்சம். காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி, மறுபடி எடுக்கப் போகவேண்டும். ஒரு சின்ன சென்சார் கோளாறுக்கு இரண்டு நாள் போகும்.

கூட வருபவர்கள். முட்டி வலி உள்ள உம்மாவால் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியுமா? ராத்திரி எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம், தாழ்ந்த காரில் நேராகக் கண்ணில் அடிக்கும். வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, வாங்கிய பிறகு தினமும் யோசிப்பார்கள்.

மொத்தப் பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 53 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். காப்பீடு தனி.

## தேர்வு 1: 1.5 லிட்டர் டர்போ செடான்

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, ஹூண்டாய் வெர்னா டர்போ இரண்டையும் இதில் சேர்க்கிறேன். முன்னது 150 பிஎஸ், இழுவை 250 நியூட்டன் மீட்டர். பின்னது 160 பிஎஸ், 253. விலை ஷோரூமில் ஏறத்தாழ 20 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

"இதெல்லாம் வேகக் காரா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மேலே போட்ட கணக்கைக் காட்டுங்கள். விர்டஸில் முழு இழுவை 1,600 சுற்றிலிருந்தே கிடைக்கிறது. தரையிடைவெளி 179 மில்லிமீட்டர், டயர் 205/55 ஆர்16. திருப்புல்லாணி வேகத்தடையில் நாலு பேரும் உட்கார்ந்தே போகலாம். டிக்கி 521 லிட்டர். துபாயிலிருந்து வரும் தம்பியின் பெட்டிகளும், திரும்பிப் போகையில் கட்டிக் கொடுக்கும் கருவாடும் சேர்ந்தே அடங்கும்.

குறை என்ன? விர்டஸின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி உலர் கிளட்ச் வகை, எண்ணெயில் நனையாதது. சாலையில் சறுக்கிக்கொண்டு போகும்போது அருமை. ஆனால் தை அமாவாசை, ஆடி அமாவாசை அன்று ராமேசுவரத்துக்குள் ஊர்ந்துபோய்ப் பாருங்கள். அரை கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், நிறுத்து, ஒரு அடி நகர், நிறுத்து. கிளட்ச் சூடாகித் துள்ளத் தொடங்கும். அப்படிப்பட்ட இடங்களில் முன்வண்டியோடு ஒட்டி ஒட்டி நகராமல், இரண்டு கார் நீளம் இடம் விட்டு ஒரே தடவையில் நகரவேண்டும். இல்லையென்றால் மேனுவல் வாங்கிவிடுங்கள். இந்த வகையில் மேனுவல் கிடைக்கிறது என்பதே பெரிய விஷயம். கியர் உங்கள் கையில் இருந்தால், நான் சொன்ன "முதல் ஒரு வினாடி" உங்கள் கையில். இரண்டாவது குறை, விர்டஸில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். ரேஸ் ஓட்டுகிறவருக்குக் குறைதான். உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு மூடிய டிரம் ஒருவகையில் வரம், வெளியே கிடக்கும் டிஸ்க் அளவுக்குத் துரு ஏறாது.

மறைந்த செலவு அதிகம் இல்லை. உதிரி பாகம் இந்தியாவிலேயே தயாராகிறது. டயர் அளவு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

## தேர்வு 2: கோல்ஃப் ஜிடிஐ போன்ற முழு இறக்குமதி

2025 மே மாதம் 52.99 லட்சத்துக்கு இந்தியாவுக்கு வந்தது. 2 லிட்டர், 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 5.9 வினாடி. அதே இன்ஜின் உள்ள ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் அதே வருடம் அக்டோபரில் வெறும் 100 கார்களாக வந்துபோனது.

ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைப் போன்ற காரைப் பற்றிக் குறை சொல்ல மனசு வராது. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது உயரமான எஸ்யூவி லேசாகத் தள்ளாடும். இது ஒட்டிக்கொண்டு போகும். கியர்பெட்டி எண்ணெயில் நனையும் ஈரக் கிளட்ச், ஊர்ந்து போகும் வாகன ஊர்வலத்தில் சூடு தாங்கும். பிரேக் காலை வைத்ததும் கடிக்கிறது. ஈசிஆரில் கருவேலமரத்துக்குப் பின்னாலிருந்து ஆடு ஓடிவரும்போது அந்தக் கடிதான் உண்மையான வேகம். நூறைத் தொடுவதைவிட நூறிலிருந்து நிற்பதில்தான் இந்த கார் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது.

ஆனால் தரையிடைவெளி 136 மில்லிமீட்டர், டயர் 225/40 ஆர்18. வண்டிப் பாகங்கள் கடல் கடந்து வரவேண்டும். முன்பம்பரின் அடி உதடு ஒருமுறை கிழிந்தால் காத்திருப்பு வாரங்களில் கணக்கு. வரி பத்து லட்சம். காப்பீட்டில் டயருக்கும் ரிம்முக்கும் தனியாகச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு மழைக்காலமும் உங்கள் பணம்தான்.

பெட்ரோலும் ஒரு விஷயம். கையேட்டில் 95 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) என்று போட்டிருந்தால் அதை ஊற்றுங்கள். எக்ஸ்பி95, எக்ஸ்பி100 மாதிரி வகைகள் எல்லா பங்கிலும் இருக்காது. ராமேசுவரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாமல் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நிரப்பிக்கொண்டு போவதே நிம்மதி.

யாருக்கு? வீட்டில் ஏற்கெனவே ஒரு உயரமான கார் இருந்து, இது ஞாயிற்றுக்கிழமைக்கான இரண்டாவது கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரே கார் என்றால் டீக்கடைப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

## தேர்வு 3: பழைய பிஎம்டபிள்யூ எம்340ஐ

இதில்தான் நண்பருக்கு ஆசை அதிகம். புது ஜிடிஐ விலைக்குள் ஆறு சிலிண்டர் இன்ஜின், நாலு சக்கர இழுவை. 2021-ல் வந்தபோது 387 பிஎஸ், பிறகு 374. இரண்டுமே 500 நியூட்டன் மீட்டர். இதை நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையிலேயே பூட்டுகிறார்கள். சீட்டு மெத்தை, சத்தம், அமைதி எல்லாம் வேறு உலகம்.

காரின் விலைதான் பழையதாகும். பாகத்தின் விலை புதுக் காரின் விலைதான். இதைப் பழைய சொகுசு கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். பலவற்றில் முன்டயர் ஒரு அளவு, பின்டயர் இன்னொரு அளவு. முன்பின் மாற்றி ஓட்டித் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, வெள்ளம். 2023 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று நமக்குத் தெரியும். சீட்பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து அடி நுனியில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள், ஸ்டெப்னிக் குழியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இரண்டு, பதிவு எண். புதுச்சேரி, டெல்லி எண்ணில் விலை குறைவாக இருக்கும். இங்கே மறுபதிவு செய்து வரி கட்டும்போது அந்தக் குறைவு எங்கே போனதென்று தெரியாது. மூன்று, எத்தனால். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான காருக்கு அது பொருந்துமா என்பதைத் தயாரிப்பாளரின் எழுத்திலிருந்து உறுதி செய்யுங்கள். விற்பவர் வாய்வார்த்தை போதாது.

பாதி மாதம் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் வாங்கலாம். சர்வீஸை அங்கேயே முடித்துக்கொள்வார். கீழக்கரை தெருக்களில் தினசரி ஓட்ட நான் வாங்கமாட்டேன்.

## தேர்வு 4: மின்சாரம், மஹிந்திரா பிஇ 6

79 கிலோவாட் மணி பேட்டரி உள்ள வகை 286 பிஎஸ், 380 நியூட்டன் மீட்டர், பின்சக்கர இழுவை. நூறைத் தொட 6.7 வினாடி என்று நிறுவனம் சொல்கிறது. மேல்வகை விலை 27 லட்சத்துக்கு அருகில்.

"முதல் ஒரு வினாடி" பரீட்சையில் மற்ற மூன்றையும் இது தோற்கடிக்கிறது. கியர் கிடையாது, டர்போ கிடையாது, மிதித்த கணத்தில் கார் நகர்ந்திருக்கும். ஊர்வலத்தில் கிளட்ச் சூடும் இல்லை. தரையிடைவெளி 207 மில்லிமீட்டர், 245/55 ஆர்19 டயரின் சுவர் 135 மில்லிமீட்டர். உம்மா குனியாமல் ஏறலாம். வேகக் காரின் பதிலடியும் ஜீப்பின் வயிறும் ஒரே வண்டியில். பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். மின்சாரக் காருக்குத் தமிழ்நாடு அரசு சாலை வரியில் விலக்கு கொடுத்து வருகிறது. நீங்கள் வாங்கும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து மதுரை போய்த் திரும்ப 260 கிலோமீட்டருக்குள்தான். பேட்டரி அதற்குத் தாராளம். ராத்திரி வீட்டிலேயே போட்டுவிட்டால் காலையில் தயார். 7 கிலோவாட் சார்ஜரில் காலியிலிருந்து முழுசாக ஏறப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் வீட்டில் மும்முனை இணைப்பு இருந்தால் நல்லது. வாடகை வீடு, தெருவில் நிறுத்தம் என்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

உப்புக்கும் இதற்கும் யாரும் சொல்லாத ஒரு தொடர்பு உண்டு. மின்சாரக் கார் பெரும்பாலும் மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடுவதே அபூர்வம். தொடாத டிஸ்க்கில் துரு தங்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத இடத்தில் நாலைந்து தடவை நன்றாக அழுத்தி நிறுத்திப் பழகவேண்டும். சார்ஜ் போடும் வாயின் மூடியைத் துடைத்து வைக்கவேண்டும்.

சென்னைப் பயணம் மட்டும் கணக்குப் போட்டுச் செய்யவேண்டியது. எங்கே நிற்பது, அங்கே சார்ஜர் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். அதைத் தொந்தரவாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள், டீ குடிக்கச் சாக்கு என்பவர்களும் இருக்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| | 1.5 டர்போ செடான் | கோல்ஃப் ஜிடிஐ | பழைய எம்340ஐ | பிஇ 6 (79) |
|---|---|---|---|---|
| சக்தி | 150–160 பிஎஸ் | 265 பிஎஸ் | 374–387 பிஎஸ் | 286 பிஎஸ் |
| முதல் வினாடி | மேனுவலில் நன்று | நன்று | நன்று | மிக நன்று |
| தரையிடைவெளி | 179 மிமீ (விர்டஸ்) | 136 மிமீ | தாழ்வு | 207 மிமீ |
| டயர் சுவர் | 113 மிமீ (விர்டஸ்) | 90 மிமீ | பலவற்றில் முன்பின் வேறு | 135 மிமீ |
| சாலை வரி | 18% | 20% | முன்பே கட்டியது. வெளிமாநிலம் என்றால் மறுபடி | விலக்கைக் கேட்டுப் பார்க்கவும் |
| எதிர்பாராத செலவு | ஊர்வலத்தில் கிளட்ச் | ரிம், டயர், பாகத்துக்குக் காத்திருப்பு | எல்லாமே | வீட்டு மின் இணைப்பு |
| யாருக்கு | ஒரே கார் வைத்திருப்பவர் | இரண்டாவது கார் | பாதி நாள் பெருநகரம் | சொந்த வீடு, கொட்டகை உள்ளவர் |

## மாற்றி அமைப்பது பற்றி

"1.5 வாங்கி இன்ஜின் மென்பொருளை மாற்றிவிட்டால் ஜிடிஐ ஆகிவிடாதா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். சக்தி கூடும், சரி. வாரன்ட்டி போகும், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார், உலர் கிளட்ச் முதலில் கைவிரிக்கும். சத்தமான சைலன்சர் போட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. எண்ணெய் தடவிய கூம்பு வடிகட்டியை மட்டும் இந்தக் கரையில் மாட்டவே மாட்டாதீர்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்துகொண்டே இருக்கும். காகித வடிகட்டி தடுக்கும் பொடிமணலை அது உள்ளே விடும், உள்ளே போனது சிலிண்டரைத் தேய்க்கும். பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்றால் நல்ல டயரிலும் பிரேக் பேடிலும் போடுங்கள்.

## ஓட்டிப் பார்க்கும்போது

ஷோரூம்காரர் நாலுவழிச் சாலைக்குத்தான் கூட்டிப்போவார். மறுத்துவிடுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவுக்கே வரச் சொல்லுங்கள். வீட்டு வாசல் சரிவில் ஏற்றுங்கள், உங்களுக்குத் தெரிந்த மோசமான வேகத்தடையில் ஏற்றுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரை ஏறி இறங்கச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள். நேரான, ஆளில்லாத இடத்தில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று மிதித்து, எத்தனை எண்ணுவதற்குள் இழுக்கிறது என்று பாருங்கள். கடைசியில் இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் வெயிலில் ஏசியோடு நிற்க விடுங்கள். ஏசி காற்று சூடாகிறதா, விசிறி கத்துகிறதா என்பது அப்போது தெரியும்.

நண்பர் இதெல்லாம் செய்தார். உம்மாவுக்குப் பிஇ 6 பிடித்திருந்தது. வீட்டுத் தெரு குறுகலாக இருப்பதாலும் கொட்டகைக்கு இடமில்லாததாலும் அது நடக்கவில்லை. கடைசியில் விர்டஸ் மேனுவல். தம்பி மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. "காக்கா, பிஎம்டபிள்யூன்னு சொல்லிட்டு வந்தீங்க" என்று புலம்பல். வண்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று போன் செய்து அவர் கேட்டது காரைப் பற்றி ஒன்றுமே இல்லை. வாரம் ஒருமுறை கொண்டுவந்து ஊற்றுகிற மாதிரி, நல்ல தண்ணீர் வண்டிக்காரர் யாராவது தெரியுமா என்று கேட்டார்.